துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

கபீல் அபூ ராஷித் நல்ல மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுகிறேன்; இல்லாவிட்டால் கதை முடிகிறபோது ஆளாளுக்கு அவர்மேல் பாய்வீர்கள். லீவு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். பெருநாள் வந்தால் ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு முழு ஆடு ஒன்று சமைத்தே வந்துவிடும். அவரிடம் இருந்த கோளாறு ஒன்றே ஒன்றுதான். கையில் துப்பாக்கி வந்துவிட்டால் மனுஷர் சின்னப் பிள்ளையாகிவிடுவார்.

சவூதியில் விசா கொடுத்து ஆள் எடுக்கிற முதலாளியைக் கபீல் என்பார்கள். ஜுபைலில் பிளான்ட்டுகளுக்கு ஷாஃப்ட்டும் வால்வும் கடைந்து கொடுக்கும் ஒர்க்‌ஷாப் அவருடையது. அங்கே லேத்தில் நிற்பவன் உடையப்பன், திருவாடானைப் பக்கத்து ஆள். மில்லிங் மெஷினில் வீரபாண்டி. கபீலின் வண்டியை ஓட்டுகிறவன் கீழக்கரை நுஃமான். மூவருக்கும் ஒரே ரூம், ஒரே அடுப்பு. உடையப்பனும் நுஃமானும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு ஒட்டுதலாக இருக்க மாட்டான்.

அந்த வருஷம் நோன்புக்கு முன்னால் கபீல் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து லேத் மேல் வைத்தார். அமெரிக்க மாட்டுக்காரர்கள் காலத்து மாடல். அதைப் பார்த்து இத்தாலிக்காரன் புதிதாகச் செய்தது. குழலுக்கு அடியில் இருக்கும் மரக்கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் பழைய தோட்டா வெளியே துள்ளும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். சடக், சடக். அந்தச் சத்தத்துக்காகவே அதை வாங்கியதாகக் கபீல் சொன்னார். குழலுக்குள் மணல் அடைத்திருந்தது தெரியாமல் சுட்டதில் குழல் நடுவில் வீங்கிப் போயிருந்தது. லைசென்ஸைக் காட்டிப் புதுப் பேரல் ஒன்றை வரவழைத்துவிட்டார். மாட்டிக் கொடுக்க வேண்டியது உடையப்பன்.

அவனுக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. ஆனால் கபீலிடம் முடியாது என்று சொல்லி அவனுக்கு வழக்கமும் இல்லை. "தமாம்" என்றான்; சரி என்று அர்த்தம். அவனுக்குத் தெரிந்த அரபியில் பாதி அந்த ஒரு வார்த்தைதான்.

பழைய பேரலைக் கழற்றி, புதியதற்கு மரை வெட்டி, இழை பிசகாமல் உட்கார்த்தினான். பெருநாளன்று கபீல் பாலைவனத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தார். குறி தப்பவில்லை. கூடப் போயிருந்த நுஃமான் ரூமுக்கு வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னான்.

"நான் டின்னு அடுக்குறேன் மச்சான். இந்த மனுசன் பின்னால நின்னுக்கிட்டு என்னையக் குறி வச்சு சடக் சடக்குங்கிறாரு. நான் கையத் தூக்கிக் கும்பிட்டா ஒரே சிரிப்பு!"

உடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "தோட்டா கிடக்குமாய்யா உள்ள?"

"கிடந்தா என்ன, ட்ரிக்கர்ல விரல் இருக்காது. விரலைத் தனியா தூக்கிக் காட்டித்தான் விளையாடுவாரு."

"வேணாம்யா. அதுக்கு முன்னால நிக்காத."

"உனக்கு எல்லாத்துக்கும் பயம் மச்சான்" என்றான் நுஃமான். அது உண்மைதான்.

அடுத்த வாரம் துப்பாக்கி திரும்பி வந்தது. தோட்டா உள்ளே போகிறபோது சிக்குகிறதாம். உடையப்பன் மொத்தத்தையும் பிரித்தான். புதுப் பேரலின் வாயில் விளிம்பு கூராக நின்றது. தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் நாக்கும் லேசாக வளைந்திருந்தது. இரண்டையும் சரிசெய்தான். தோட்டாவைக் கபீல் ஒர்க்‌ஷாப்பில் வைக்க மாட்டார் என்பதால், சோதித்துப் பார்க்கப் பித்தளையில் ஒரு பொய்த் தோட்டா கடைந்து வைத்துக்கொண்டான்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

சவூதியில் பூஜையா என்று கேட்காதீர்கள். கூடாதுதான். பிடிபட்டால் ஜெயில், அப்புறம் ஊருக்கு ஃப்ளைட். ஆனாலும் ஒரு வருஷம்கூட உடையப்பன் விட்டதில்லை. ஷட்டரைத் தூக்குமுன் லேத்துக்கும் டிரில்லுக்கும் சந்தனப் பொட்டு, மனசுக்குள் ஒரு கும்பிடு, உடனே துணியால் துடைத்துவிடுவது. சந்தனம் கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா? நுஃமான்தான். ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டில் கிடைத்ததைச் சில வருஷங்களுக்கு முன் லீவு முடிந்து வருகிறபோது பெரிய பொட்டலமாக எடுத்து வந்திருந்தான்; அதுவே இன்னும் தீரவில்லை. "எங்க அவுலியா சந்தனம். உன் மெஷினு இனிமே மக்கர் பண்ணாது மச்சான்" என்றான்.

"அண்ணே, வருசா வருசம் ஸ்பேனருக்குத்தான் பொட்டு வக்கிறோம். இந்த வருசம் ஆயுதமே வந்து கிடக்கு!" என்று வீரபாண்டி மேஜையைக் காட்டினான்.

உடையப்பனும் சிரித்துக்கொண்டே, பிரித்துப் போட்டிருந்த துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்துக்கும் பொட்டு வைத்தான். பேரலுக்கு ஒன்று, கட்டைக்கு ஒன்று, போல்ட்டின் முகத்தில் ஒன்று. போல்ட் என்பது தோட்டாவுக்குப் பின்னால் போய் அடைத்துக்கொள்ளும் இரும்பு. அதன் நடுவில் ஒரு சிறு துளை. ட்ரிக்கரை இழுத்தால்தான் அந்தத் துளை வழியே ஊசி மாதிரி ஒரு பின் நீட்டித் தோட்டாவைக் குத்தும். அந்தப் பின்னுக்கு எண்ணெய் போட்டு முன்னே தள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே நீட்டியபடி வைத்திருந்தான். பொட்டு சரியாக அதன் மேலேயே விழுந்தது. பிறகு எல்லாவற்றையும் துடைத்தான். துடைத்தது மேலே இருந்ததை மட்டும்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே கபீல் வந்து நின்றார். "யல்லா, யல்லா." அவசர அவசரமாகப் பூட்டி, பொய்த் தோட்டாவைப் போட்டு ஒரு தடவை இழுத்துத் தள்ளி, மறுபடி இழுத்து அதை வெளியே எடுத்துக் காட்டினான். வெண்ணெயாக ஓடியது.

"தமாம்?"

"தமாம்."

நுஃமான் வண்டியில் ஏறிக்கொண்டு கண்ணடித்தான். வண்டி போய்விட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்து மேஜையைக் கூட்டுகிறபோதுதான் உடையப்பன் பொய்த் தோட்டாவைக் கையில் எடுத்தான். அதன் பின்பக்கத்தில், நட்ட நடுவில், ஒரு பள்ளம். ட்ரிக்கரை அவன் தொடவே இல்லை. பள்ளத்துக்குள் மஞ்சளாக ஒரு துளி. மூக்கில் வைத்துப் பார்த்தான். சந்தனம்.

எண்ணெயும் சந்தனமும் சேர்ந்து பசையாக இறுகி, அந்தப் பின் நீட்டியபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இனிமேல் ட்ரிக்கரே வேண்டாம். கைப்பிடியை முன்னால் தள்ளினாலே வெடிக்கும்.

நுஃமானின் போனுக்கு அடித்தான். எடுக்கவில்லை. டின் அடுக்க இறங்கியிருப்பான். கபீலின் நம்பரைத் தேடுகிறபோது வீரபாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, என்னன்னு சொல்லுவீங்க? பூசை பண்ணுனோம்னா? நம்ம ரெண்டு பேரும் தொலைஞ்சோம்ணே. வேற எதையாவது சொல்லுங்க."

போனில் காற்றுச் சத்தத்துக்கு நடுவே கபீலின் குரல் உற்சாகமாக வந்தது. உடையப்பன் தனக்குத் தெரிந்த உருதுவையும் அரபியையும் பிசைந்து சொன்னான்: ட்ரிக்கர் ஸ்பிரிங் சரியில்லை, கபீல். இன்றைக்குச் சுட வேண்டாம். ட்ரிக்கரைத் தொடவே தொடாதீர்கள். நாளைக்குச் சரிபண்ணித் தருகிறேன்.

"ட்ரிக்கர் மட்டும்தானே?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வீரபாண்டி கண்ணில் நீரோடு பார்த்துக்கொண்டு நின்றான். "ஆமாம் கபீல். ட்ரிக்கர் மட்டும்தான்."

"சரி, தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

உடையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தான். சுடப்போவதில்லை என்றால் யார் தோட்டா போடப்போகிறார்கள்? இந்த நினைப்பில் மூச்சு சீரானது. வீரபாண்டி சுலைமானி டீ போட்டுக் கொண்டுவந்தான். பாதி டம்ளர் குடித்திருப்பான். தோட்டாவை முன்பே நிரப்பி வைத்திருந்தால்? அந்தக் கேள்வியோடு அந்த விளையாட்டும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது. சடக், சடக். ட்ரிக்கரில் விரல் இருக்காது. விரலைத் தனியாகத் தூக்கிக் காட்டித்தான் விளையாடுவார்.

டம்ளர் தரையில் உருண்டது. மறுபடி அடித்தான். கபீலுக்கு, நுஃமானுக்கு, மறுபடி கபீலுக்கு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயிருந்தும் பாதியை விழுங்கியவனுக்குப் பழமொழி எதுவும் இல்லை.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்து வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் கபீல். வெள்ளை அங்கியில் மார்பிலிருந்து முழங்கால் வரை ரத்தம். உள்ளே வந்தவர் உடையப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். நுஃமான் ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டான். போலீஸ் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"தொடவில்லை, உடையப்பா. வல்லாஹி, ட்ரிக்கரைத் தொடவில்லை. நீ சொன்ன மாதிரி விரலை வெளியே வைத்துக்கொண்டுதான் தள்ளினேன். அவன்கூடச் சிரித்துக்கொண்டுதான் நின்றான். நீ எனக்குச் சொன்னாய் அல்லவா? நீதான் எனக்குச் சாட்சி."

வீரபாண்டி சுவரோடு ஒட்டிக்கொண்டான். உடையப்பன் பையிலிருந்து பித்தளைத் தோட்டாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். பள்ளத்தைக் காட்டினான். மஞ்சளைக் காட்டினான். எல்லாவற்றையும் சொன்னான். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை.

அபூ ராஷித் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லேத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தார். உடையப்பனை அருகில் கூப்பிட்டு, மோட்டார் மூடியின் இடுக்கில் விரலை வைத்துக் காட்டினார். துடைக்க விட்டுப்போன சந்தனப் பொட்டு, காய்ந்து வெடித்து ஒட்டிக்கிடந்தது. அதற்கு அடியில் இன்னும் பழையது ஒன்று.

"இது போன வருஷத்தது" என்றார். "அது அதற்கும் முந்தியது. நான் யாரிடமாவது சொன்னேனா?"

வெளியே போலீஸ் வண்டியின் கதவுகள் திறந்து மூடுவது கேட்டது.

"இத்தனை வருஷமாக நீ என்னை யார் என்று நினைத்துக்கொண்டிருந்தாய், உடையப்பா?"

உடையப்பன் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். நுஃமான் கொண்டுவந்து கொடுத்த சந்தனம்தான் அதுவும்.