சமத்துப் பிள்ளை

முதல் குழந்தை பிறந்தபோது அந்த வீட்டில் பதினோரு மாதம் யாரும் தூங்கவில்லை. பெண்ணுக்கு அப்படியொரு தொண்டை. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பன் அவளுக்கு 'சைரன்' என்று பட்டப்பேர் வைத்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு மாற்றிப் போனதற்கு அவள்தான் காரணம் என்று இன்றும் பெருமையடித்துக்கொள்வான்.

அப்படிப்பட்ட பாடு பட்டவனுக்கு, நாலு வருஷம் கழித்துப் பிறந்த பையன் அழவே இல்லையென்றால் எப்படி இருக்கும்? தலைகால் புரியவில்லை. "இவன் ஆயில் போட்டுக்கிட்டே வந்திருக்கான், சத்தமே இல்ல பாரு" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். உப்பிய கன்னம், பாதி மூடிய கண், யார் என்ன சொன்னாலும் அசையாத முகம். அதனால் பையன் ஜட்ஜய்யா ஆனான். பால் குடிக்கும்போதே தூங்கிவிட்டால், "தீர்ப்ப ஒத்திவெச்சிட்டாரு" என்பான் அப்பன்.

மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு வாய் குடிச்சதும் தூங்கிடறான்ங்க. உள்ளங்கால சுண்டினாதான் மறுபடி வாய அசைக்கிறான். நாலு நாளைக்கு ஒரு தடவதான் வெளிக்கிப் போறான். கைகாலெல்லாம் சில்லுனு கிடக்கு."

"சைரன் அழுதப்ப ஏன் அழறாள்னு கேட்ட. இவன் அழாட்டா ஏன் அழலன்னு கேக்கற. உனக்குக் கவலப்பட ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

மேல் வீட்டு அக்காவும் வந்து, "குடுத்து வெச்சவ நீ" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் மெச்சுகிற பிள்ளையைப் பெற்றவளே குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்? அவள் வாயை மூடிக்கொண்டாள். தப்பு அங்கேதான் நடந்தது என்று சொல்லிவிட்டு நானும் நகர்ந்துவிடலாம். ஆனால் தப்பு அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

பிள்ளை பிறந்த எட்டாம் நாள், மெக்கானிக் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தான். ஒரு கை முழுக்க கிரீஸ். போன் அடித்தது. தெரியாத நம்பர். இன்னொரு கையால் எடுத்தால், ஒரே பாட்டு. நடுவில் ஒரு பதிவுக்குரல், "தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்" என்றது. இன்ஷூரன்ஸ்காரர்களோ, மனை விற்கிறவர்களோ. கட் பண்ணினான். கால் மணி நேரத்தில் மறுபடி அதே நம்பர், அதே பாட்டு. "இவனுங்களுக்கு வேற பொழப்பே இல்ல" என்று திட்டிவிட்டு அந்த நம்பரை பிளாக் பண்ணிவிட்டு வேலையைப் பார்த்தான். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டான். அந்த நம்பர் யாருடையது என்று தெரிய அவனுக்கு இன்னும் எட்டு வாரம் ஆகும்.

தள்ளிப்போன ஒன்றரை மாதத் தடுப்பூசியைப் போட ஒன்பதாம் வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொடையில் ஊசி இறங்கியதும் பையன் முகத்தைச் சுளித்தான். கரகரவென்று ஒரு முனகல் வந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா சிஸ்டர்? ஊசிக்கே அசையல!" என்றான் மெக்கானிக்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. பையனின் துணியை அவிழ்த்தாள். துருத்திய தொப்புளைத் தொட்டுப் பார்த்தாள், வாய்க்குள் அடங்காத தடித்த நாக்கைப் பார்த்தாள், எழுந்துபோய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா பிள்ளையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள்.

"பொறந்தப்ப குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தோமே, அதுலயே தெரிஞ்சிருக்கு. தைராய்டு சுரப்பி வேலை செய்யல. உங்களுக்கு யாரும் போன் பண்ணலையா?"

"யாருமே பண்ணல டாக்டர்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். அந்தச் சுரப்பி சுரந்தால்தான் குழந்தைக்கு மூளை வளரும், சுரக்காவிட்டால் தினமும் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தால் போதும் என்றாள். "ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சிருந்தா கவலையே பட்டிருக்க வேணாம்."

"இப்ப ஆரம்பிச்சா?"

"இன்னைக்கே ஆரம்பிப்போம். உடம்பு தேறிடும். மூளைக்கு எவ்வளவு பாதிப்புன்னு அவன் உட்காரும்போது, பேசும்போது, பள்ளிக்கூடம் போகும்போதுதான் தெரியும்."

"எல்லாரும் சமத்துப் பிள்ளைன்னு சொன்னாங்களே" என்றாள் மனைவி.

"சமத்து இல்லம்மா. அழறதுக்கு அவனுக்குத் தெம்பு இல்ல."

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மெக்கானிக் வராந்தாவுக்கு வந்தான். சீட்டின் தலைப்பில் ஆஸ்பத்திரியின் போன் நம்பர் அச்சடித்திருந்தது. எங்கேயோ பார்த்த நம்பராக இருக்கிறதே என்று நினைத்தான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பிளாக் பண்ணிய நம்பர்களின் பட்டியலைத் திறந்தான். இருந்தது.  வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று போனைப் பைக்குள் போட்டான். வீட்டுக்குப் போனதும், அவள் சாப்பிடட்டும் என்று நினைத்தான். அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் அவன் சொல்லவில்லை.

தினமும் காலையில் அவனே மாத்திரையை நசுக்கி, ஸ்பூனில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சொட்டு சிந்தாமல் புகட்டினான். வேறு யாரையும் அந்த ஸ்பூனைத் தொட விடவில்லை.

யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனைவி, ஆஸ்பத்திரி மேல் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினாள். போன் பண்ண வேண்டிய நர்சு பண்ணவே இல்லை, அவளை வேலையை விட்டுத் தூக்கவேண்டும் என்று எழுதினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி அதிகாரி. ஓரத்து நாற்காலியில் அந்த நர்சு. இருபத்திரண்டு வயசுக்கு மேல் இருக்காது. மடியில் ஒரு பதிவேடு.

"நாலு தடவ பண்ணேன்க்கா. எங்க செக்சனுக்கு வெளிய பேச ஆஸ்பத்திரியோட பொது லைன் ஒண்ணுதான். ரெண்டு தடவ எடுத்தாங்க, ஆப்பரேட்டர் எனக்கு இணைப்புக் குடுக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டாங்க. அப்புறம் லைனே போகல. லெட்டரும் போட்டேன், எங்ககிட்ட இருந்தது பழைய விலாசம் போல, வீடு மாறிட்டாங்கன்னு திரும்பி வந்துடுச்சு."

"பொய்! எங்க வீட்டுக்காரர் போன் எப்பவும் அவர் கையிலதான் இருக்கும். ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டா எடுக்காம இருப்பாரா? ஒரு குழந்தையோட வாழ்க்கையம்மா. உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

நர்சு அழுதுகொண்டே பதிவேட்டை நீட்டினாள். மனைவி அதை வாங்கவில்லை. இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கலாம் என்றாள்.

அதிகாரி ஒரு தாளை மெக்கானிக் பக்கம் நகர்த்தினார். "சார், போன் உங்களுதுதானே? இங்கேர்ந்து அழைப்பே வரலன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. இந்தப் பொண்ண இன்னைக்கே அனுப்பிடறேன்."

மெக்கானிக் மடியில் பையனை வைத்துக்கொண்டே பேனாவை எடுத்தான். முதல் எழுத்தைப் போட்டுவிட்டான்.

நர்சு முகத்தைத் துடைத்துக்கொண்டு பையனை எட்டிப் பார்த்தாள். "இப்ப நல்லா பால் குடிக்கிறானா சார்?"

அவனால் அதற்கு மேல் முடியவில்லை. பேனாவை மேஜையில் வைத்தான்.

"நாந்தான் கட் பண்ணேன். ஏதோ விளம்பரம்னு நெனச்சு பிளாக் பண்ணிட்டேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

 மனைவி மெல்லத் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஊசி போட்ட அன்னைக்கு."

"மூணு பக்கம் எழுதினேன். பக்கத்துல உட்கார்ந்து திருத்துனீங்க."

 அவள் திட்டுவாள், அடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் குனிந்து அவன் மடியிலிருந்து பையனைத் தூக்கிக்கொண்டாள். மேஜையிலிருந்த புகாரை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு நர்சின் எதிரே போய் நின்றாள்.

"என்ன மன்னிச்சிடும்மா. உன் நோட்டுல என் நம்பர எழுதிக்க. இனிமே இவனுக்கு எதுன்னாலும் எனக்குத்தான் கூப்பிடணும்."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். நர்சு எழுதிக்கொண்டு, அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாரோட நம்பர் கீழ இருக்கட்டுமாக்கா?"

"வேணாம். அடிச்சிடு."