வாசலிலிருந்து பார்த்த பனி

மாங்குளத்திலிருந்து வாடகைக்கு வீடியோ டெக்கும் டிவியும் ஜெனரேட்டரும் வந்து இறங்கிய பிறகும் கமலாசனிக்கு மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஜேர்மனியின் தெற்கு மலைப்பக்கத்தில் இருக்கும் மூத்த மகன் சிவராசா அனுப்பிய வீடியோ கசெற்றை அன்று போடுவதென்று குடியேற்றத்திட்டம் முழுக்கச் சொல்லியாயிற்று. பொழுதுபட்டால் றோட்டில் ஆமி திரியும். ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கிப் போடுவதென்று ஏற்பாடு.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சுடலைமுத்துவின் கொட்டில் இருந்தது. அவனுடைய மகன் செல்வராசாவை ஓமந்தையில் ஆமி பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டுபோய் ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஒரு தகவலும் இல்லை.

செத்தவீடென்றால் யோசிக்க ஒன்றுமில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அயலில் ரேடியோவைக்கூடச் சத்தமாக வைக்கமாட்டார்கள். இதுவோ பிரேதம் வராத, கொள்ளி வைக்காத, துடக்கும் இல்லாத வீடு. படத்தை நிற்பாட்டினால் அந்தப் பொடியன் செத்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. போட்டால், அவன் போனது ஒரு பொருட்டே இல்லை என்று சொன்ன மாதிரி.

"இஞ்சருங்கோ, நிப்பாட்டுவமோ?" என்று கணவர் பரமலிங்கத்திடம் கேட்டாள்.

"என்னை ஏன் கேக்கிறீர்? போய் அந்த மனுசியைக் கேளும்."

சுடலைமுத்துவின் மனைவி அழகம்மா கொட்டில் முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்த குடும்பம். அன்றிலிருந்து கமலாசனியின் வயலில்தான் வேலை. செல்வராசாவும் சிவராசாவும் ஒரே வாய்க்காலில் நீந்திப் பழகியவர்கள்.

"அழகம்மா, இண்டைக்குப் படம் போடுறதாச் சொல்லிப்போட்டம். உனக்கு மனவருத்தமெண்டால் விட்டிடுறம்."

அழகம்மா சுளகை நிறுத்தவில்லை. "விடாதீங்கம்மா. விட்டா எங்க பையனுக்கு என்னமோ ஆயிருச்சின்னு நாலு பேரு பேசுவாங்க. போடுங்க. நாங்களும் வாறோம்."

சொல்லவேண்டியதைச் சொல்ல அதுதான் நேரம். கமலாசனி வாயைத் திறந்தாள். "மூண்டு மணிக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

செல்வராசா பம்புக்குச் சாமான் வாங்கத்தான் வவுனியாவுக்குப் போனான் என்று ஊரில் கதை. அந்தக் கதையை முதலில் சொன்னவள் கமலாசனி. உண்மையில் அவன் போனது இந்தக் கசெற்றை எடுக்க. ஜேர்மனியிலிருந்து விடுமுறையில் வந்த யாரோ ஒருவர் அதை வவுனியாவில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பரமலிங்கத்துக்கு வயலில் சூடடிப்பு வேலை. இளையவன் தில்லைநாதன் வீட்டில்தான் நின்றான். ஆனால் அவனுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் பருத்தித்துறை. யாழ்ப்பாணத்துப் பொடியன் என்றால் ஆமிக்குச் சந்தேகம். பொடியனை ஓமந்தை தாண்டி அனுப்ப அவளுக்கு நெஞ்சு வரவில்லை.

"உன்ர ஐடென்ரிக்காட்டிலை பதுளை எண்டெல்லோ கிடக்கு. உன்னை ஏன் பிடிக்கிறாங்கள்? ஒருக்காப் போய் எடுத்துக்கொண்டு வா ராசா" என்று செல்வராசாவிடம் சொன்னாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். ஆமிக்குப் பதுளையும் பருத்தித்துறையும் ஒன்றுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வரும்போது பிடித்தார்கள். பக்கத்துச் சீற்றில் இருந்த இராஜரத்தினம் வாத்தியாரின் மடியில் பையை வைத்துவிட்டு இறங்கியிருக்கிறான். வாத்தியார் அதைக் கமலாசனியிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேளாமல் போய்விட்டார். கசெற்றை எடுத்துக்கொண்டு, பையை அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

மூன்று மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. ஊர்ச்சனம் கூடத்தில் பாயில் இருந்தது. சுடலைமுத்துவும் அழகம்மாவும் வழக்கம்போல வாசற்படிக்கு வெளியே, நிலத்தில் குந்தினார்கள். கதவை அரைவாசி திறந்துவிட்டால்தான் அவர்களுக்குத் தெரியும். திறந்தால் வெளிச்சம் விழுந்து படம் மங்கும். டெக் கொண்டுவந்தவன் கதவைச் சாத்தப் போனான்.

"அது திறந்து கிடக்கட்டும் தம்பி" என்றாள் கமலாசனி. உள்ளே வந்து இருங்கோ என்று சொல்ல அவளுக்கு அப்போதும் நாக்கு எழவில்லை.

படத்தில் முதலில் வெள்ளை மட்டுந்தான் தெரிந்தது. பிறகு கறுப்புப் பைன் மரங்கள். அவற்றின் நடுவால், மாட்டுவண்டிச் சில்லுப் பதிந்த மாதிரி பனியில் இரண்டு தடம். அந்தத் தடத்தில் சிவராசா வந்தான். காலில் கையகலமும் இல்லாத நீட்டுப் பலகைகள், கையில் இரண்டு தடிகள். சப்பாத்தின் முனை மட்டும் பலகையில் பூட்டியிருந்தது. குதிக்கால் எழும்பி எழும்பி விழ, தடியை ஊன்றி ஊன்றி வந்தான்.

"அம்மா, அப்பா, இது மலையிலையிருந்து சறுக்கிற விளையாட்டில்லை. காடு கரம்பையெல்லாம் இப்பிடியே ஓடிக்கொண்டு போகலாம்" என்றான் மூச்சிரைக்க. "சில இடத்திலை மெசினாலை ஸ்நோ செய்து கொட்டுறவங்கள். இது அப்பிடியில்லை. மெய்யான பனி, வானத்திலையிருந்து விழுந்தது."

"மெசினாலையும் செய்யிறாங்களாமோ?" என்றான் முன்பாயில் இருந்த தங்கராசா. "அப்ப ஒரு மெசினை இஞ்சை அனுப்பச் சொல்லுங்கோ அக்கா. குளம் வத்திப்போய்க் கிடக்கு."

"நடக்கத் தெரியாமல் தடி ஊண்டுறானே, இவன் வயல் வரம்பிலை விழாதவன்" என்றாள் பின்னால் இருந்த விமலேஸ்வரி. சொல்லி வாய் மூடமுதல் சிவராசா பொத்தென்று விழுந்தான். கால்கள் இரண்டும் பலகையோடு பின்னிக்கொண்டன. வீடே சிரித்தது. கமலாசனியும் சிரித்தாள். சிரித்தபடியே வாசலைப் பார்த்தவள், சிரிப்பை விழுங்கினாள்.

சுடலைமுத்து பக்கத்தில் நின்ற யாருக்கோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நானு சின்னப் பையனா நுவரெலியாப் பக்கம் வேல செஞ்சப்போ, தை மாசம் விடியக்காலத்துல புல்லு மேல இதே மாதிரி வெள்ளையாக் கெடக்கும். மிதிச்சா நறுக்குனு ஒடையும். தேயிலக் கொழுந்தெல்லாம் கருகிப் போயிரும்."

பனியைத் தட்டிக்கொண்டு எழும்பிய சிவராசா கமெராவை நேரே பார்த்தான். "டேய் செல்வராசா, சிரிக்கிறாய் என்ன? உனக்குத்தான் சொல்லுறன். வந்து பார், வரம்பிலை ஓடுறதைவிடச் சுகம். உன்ர உயரத்துக்கு ஒரு சோடி பலகை பார்த்து வைச்சிருக்கிறன், மச்சான்."

சிரிப்பு பாதியில் அறுந்தது. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. படம் தன்பாட்டில் ஓடி, ஒரு தேவாலயத்தையும் பனி மூடிய கூரைகளையும் காட்டி முடிந்தது.

"தம்பி" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். அழகம்மா. "அவன் பேரு சொன்ன எடத்த இன்னொரு தடவ போடுவீங்களா?"

டெக்காரன் கமலாசனியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். படம் பின்னால் ஓடியது. சிவராசா பனியிலிருந்து தானாக எழும்பி, பின்பக்கமாகக் காட்டுக்குள் போனான். சின்னப்பிள்ளைகள் சிரித்தார்கள், தாய்மார் வாயைப் பொத்தினார்கள். திரும்பவும் விழுந்தான், எழும்பினான், கூப்பிட்டான். அழகம்மா சீலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி கேட்டாள். மூன்றாந்தரம் போடச் சொல்லிக் கேட்கவில்லை.

அதன் பிறகு வழக்கமாகச் சினிமாப் படம் ஒன்று போடுவார்கள். அன்று ஒருவரும் கேட்கவில்லை. சனம் எழும்பிப் போயிற்று. அழகம்மா மட்டும் வாசலில் நின்றாள். சுடலைமுத்து சற்றுத் தள்ளி, பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்திருந்தான்.

கமலாசனி படியில் இறங்கினாள்.

"அழகம்மா, அவன் பம்புச் சாமானுக்குப் போகேல்லை."

"தெரியுங்கம்மா."

கமலாசனி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"போறப்பவே சொல்லிட்டுத்தான் போனான். 'சிவா படம் வந்திருக்கும்மா, நாந்தான் மொதல்ல கையில வாங்கப்போறேன்'னு."

"அப்ப ஏன் என்னட்டை வந்து கேக்கேல்லை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அதில் கோபம் இருந்திருந்தால் கமலாசனி அழுதிருப்பாள், காலில் விழுந்திருப்பாள். தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கேட்கிற குரலில்தான் அழகம்மா அதைச் சொன்னாள்.

"தில்லைநாதனை அனுப்பப் பயத்திலை..." என்று தொடங்கியவளுக்கு மிச்சம் வரவில்லை. சொல்லிமுடித்தால் என்ன சொன்னதாகும் என்று அவளுக்கே கேட்டது.

"பெத்தவளுக்கு அப்பிடித்தாங்கம்மா" என்றாள் அழகம்மா. பிறகு, "அந்தப் பை உங்ககிட்டதான இருக்கு? கோதும மாச்சாக்குத் துணியில நான் தச்ச பை. அவன் இன்னிக்கோ நாளைக்கோ வந்தான்னா கேப்பான்."

கமலாசனி உள்ளே போனாள். சாக்குக் கட்டிய அறையில் கண் தெரியவில்லை. அலுமாரியைத் தடவித் திறந்து, சேலைகளுக்கு அடியில் கைவிட்டு இழுத்தாள். பை வெளியே வந்தபோது அதில் கற்பூர உருண்டை மணந்தது. அவனுடைய மணம் என்று ஏதாவது இருந்திருந்தால், அதுவும் இந்த ஒரு மாதத்தில் அவளுடைய கூறைச்சேலையின் மணமாகிவிட்டது.

இரண்டு கையாலும் நீட்டினாள். அழகம்மா அதை முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு கீழே இறக்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கு மொளகாக் கன்னுக்குக் கள பிடுங்க வரணுங்களாம்மா?"

"வேண்டாம்" என்று சொல்லத்தான் கமலாசனி நினைத்தாள். தலை நிமிராமல், "ஓம், வா" என்றாள்.