சுவருக்கு மூக்கு எங்கே இருக்கிறது

"காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது, அதான் மணி கேக்கல" என்று சொலான்ஜ் மறுபடியும் பொய் சொன்னாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவள் கணவர் லெயோன்ஸுக்கு வெளியுலகம் என்று மிச்சமிருந்தது ஊர் மாதா கோயிலின் மணி ஒன்றுதான்.

அது இனி அடிக்காது. அரைவட்ட வளைவுகளும், பாவியை விழுங்கும் பிசாசைத் தூண் தலையில் செதுக்கிய கல்லுமாகத் தொள்ளாயிரம் வருஷம் நின்ற கோயில் அது. கொத்தனாரான லெயோன்ஸ் பல வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் ஊரையே திரட்டி, பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு, சுவர் முழுக்க சிமெண்ட் பூசினார். ஊரே கைதட்டியது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் கல்லை அரித்துத் தின்றது. இந்த வசந்தத்தில் கூரை வளைவு பிளந்தது. மணியாட்டினால் கோபுரமே சரியும் என்று கோயிலைப் பூட்டிவிட்டார்கள். இது தெரியாமலே அவர் கண்மூட வேண்டும் என்பதைத் தவிர சொலான்ஜுக்கு வேறு ஆசை இல்லை. ஓட்டைவாய் ஊர், ஆச்சரியமாக வாயை மூடிக்கொண்டிருந்தது.

மேயர் யூபெர், பிளம் பழச் சாராயத்தோடு நண்பரைப் பார்க்க வந்தார்.

"நான் போனா மணிய நீதான்டா அடிக்கணும்" என்றார் லெயோன்ஸ். "ரெண்டு கையாலயும் இழு. உன் பொண்டாட்டிய கூப்பிடுற மாதிரி பயந்து பயந்து இழுக்காத."

"இழுக்கறேன்டா" என்றார் யூபெர், கோப்பையைப் பார்த்தபடி.

"சிமெண்ட் பூசுறப்போ அந்தக் கிழட்டுச் சாமியார் என்னா சண்டை போட்டாரு! சுவரு மூச்சு விடணுமாம். சுவருக்கு மூக்கு எங்கடா இருக்கு?"

யூபெர் சிரித்துவைத்தார். சொலான்ஜ் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

நவம்பர் மழை ஒரு வாரம் விடாமல் பெய்து, ஒரு காலையில் ஓய்ந்தது. சொலான்ஜ் அவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. இடிந்து விழும் பேரிரைச்சலுக்குள் மணி ஒரே ஒரு தடவை முழங்கியது.

"கேட்டுச்சா? மணி!" என்றாள் அவசரமாக.

"கேட்டுச்சு. அதோட சேர்ந்து என்ன விழுந்துச்சு?"

வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. காற்றின்மேல் பழிபோட அவளுக்கு வழியில்லை.

"என் சுவரா?"

அவள் கரண்டியை நீட்டினாள். அவர் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு, சாகும்வரை, அவர் மணியைப் பற்றிக் கேட்கவே இல்லை.