அம்மா விட்ட எண்ணெய்

ஷெட்டில் நின்ற காரின் சாவி பாதி திரும்புவதற்குள் பெரியவள் ஓடிப்போய்த் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கையை எடு. மூணு வருஷமா நின்ன வண்டிடா இது. சாவியைத் திருப்பினா உயிர் வந்துடும்னு நினைச்சியா?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை இருவருக்கும் உறைத்தது. முன்னறையில் அப்பா விடிகாலையிலிருந்து வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார்.

"அம்மா ஒத்தைக் கால்ல நிக்கிறாங்கக்கா. அப்பா பின்னாடி இந்த வண்டியிலதான் வருவாங்களாம். வாடகை வண்டின்னா வரவே மாட்டேங்கறாங்க. நாலு மணிக்கு எடுக்கணும்."

"எனக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியும். போய்ச் சட்டையை மாத்திட்டு வா."

தம்பி மாற்றவில்லை. துக்கத்துக்கு வருகிறவர்கள் முன்னால் வெள்ளைச் சட்டையில் நிற்பதுதான் மரியாதை என்று நினைப்பவன் அவன். பெரியவள் வேறு ஊரில் பஸ் டிப்போ பட்டறையில் வேலை பார்ப்பவள், வருஷக்கணக்காக இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறவள். அவள் அதட்டினால் பஸ்ஸே கிளம்பிவிடும் என்று அப்பா கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவளை இந்தக் காரை மட்டும் தொட விட்டதில்லை. அவர் படுத்த படுக்கையான பிறகு அவள் எப்போது கேட்டாலும், "வண்டிக்கு உங்கம்மா இருக்கா" என்பார். அதையும் கிண்டல் என்றே அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பானெட்டைத் திறந்தாள். காற்று வடிகட்டிக்குள் ஒரு எலிக் குடும்பம் தலையணைப் பஞ்சில் வீடு கட்டிக் குடியிருந்துவிட்டுப் போயிருந்தது. டாங்கியில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. அதை ஒரு பக்கெட்டில் வடியவிட்டாள். தன் வண்டியின் பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டினாள். பிறகு நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். துரு இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. அதற்குப் பதில், கழுவாமல் வைத்த வாணலியின் ஓரத்தில் படிந்திருக்குமே, அந்தப் பழுப்புப் பிசின். விரலால் தொட்டு முகர்ந்தாள். இன்னொரு தடவையும் முகர்ந்தாள்.

அலமாரியில் அப்பா வாங்கி வைத்த இன்ஜின் ஆயில் டப்பா மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

முன்பக்க நட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தாள். இம்மிகூட அசையவில்லை.

"இன்னும் கிளம்பலையா?" என்று அம்மா ஷெட் வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. இருந்தாலும் குரலில் அதிகாரம் குறையவில்லை.

"அம்மா, இதுக்குள்ள எண்ணெய் விட்டது யாரு?"

"நான்தான். வேற யாரு இருக்கா? ஞாயித்துக்கிழமை தவறாம உங்கப்பா கட்டில்ல இருந்தே சொல்லுவார், நான் வந்து செய்வேன். பிளக்கைக் கழட்டு, ஆளுக்கு ஒரு மூடி எண்ணெய் விடு, நட்டை ரெண்டு சுத்து சுத்து. நின்ன வண்டி இறுகிடக் கூடாதுன்னு."

"என்ன எண்ணெய்ம்மா?"

"நல்ல எண்ணெய்தான். புதுப் பாக்கெட்டைப் பிரிச்சு விடுவேன். பொரிச்சு மிச்சமானதெல்லாம் விடலை."

தம்பி வாயைத் திறந்தான். பெரியவள் அவன் காலை மிதித்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாமலா? உள்ள போனதும் என் கையை வாங்கி மோந்து பார்ப்பார். சிரிப்பார். 'அருமை, இப்படியே விடு'ம்பார். கல்யாணமான நாள்லேருந்து என் சமையலைக்கூட அந்த மனுஷன் அருமைன்னு சொன்னதில்லை."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அம்மா போய்விட்டாள்.

பெரியவள் மட்கார்டில் கையூன்றி நின்றாள். முதல் வாரமே அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் இரண்டு நாள் சோறு இறங்காத மனிதர். சமையல் எண்ணெய் உள்ளே போய்ப் பிசினாகும், இன்ஜின் பாழாகும் என்று தெரிந்தே படுத்திருந்திருக்கிறார். வாரம் ஒரு தடவை அம்மா கறுத்த கையோடு, பெருமையோடு வந்து நிற்பாளே, அதற்காக. அவர்மேல் கோபமும் பாசமும் அவளுக்கு ஒன்றாகப் பொங்கின.

"சொல்லிடலாமேக்கா. பாவம், தெரியாமத்தானே செஞ்சாங்க" என்றான் தம்பி.

"இன்னைக்கா? வாயைத் திறந்தே, உன்னை இந்த டாங்கிக்குள்ள போட்டு மூடிடுவேன்."

நாலு மணிக்குள் வண்டி கிளம்பவில்லை என்றால் அம்மா ஏன் என்று கேட்பாள். அப்பா கடைசிவரை சொல்லாததைத் தான் சொல்ல வேண்டிவரும். அது நடக்கக் கூடாது.

டீசலையும் பெயின்ட் தின்னரையும் கலந்து நாலு ஓட்டையிலும் ஊற்றினாள். ஊறட்டும் என்று விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முகச்சவரம் செய்துவிட்டிருந்தார்கள். காதோரம் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து ஸ்பேனரைப் போட்டாள். முரட்டுத்தனம் கூடாது. முன்னால் ஒரு அழுத்து, பின்னால் ஒரு அழுத்து. தம்பி நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் காதில் வாங்கவில்லை. எத்தனையாவது தடவையிலோ கைக்குள் ஏதோ நெகிழ்ந்தது. நூலளவு நகர்ந்தது. பிறகு விரலளவு. பிறகு முனகிக்கொண்டே முழுச் சுற்று.

"அப்ப பிளக்கை மாட்டிடலாமா?" என்றான் தம்பி.

"உள்ள ஊத்தினதெல்லாம் அங்கேயே நிக்குது. அடைச்சுட்டுச் சுத்தினா பிஸ்டன் தண்டு வளைஞ்சுடும். முதல்ல துப்பட்டும். நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

அவன் தள்ளி நிற்கவில்லை. பெட்ரோல் இணைப்பைக் கழற்றிவிட்டு அவள் ஸ்டார்ட்டரைச் சுற்றியபோது, நாலு ஓட்டையிலிருந்தும் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அவன் வெள்ளைச் சட்டையைக் குளிப்பாட்டியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடு என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதில் தம்பிக்கு அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் அவன் பிடரியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பழைய ஆயிலை இறக்கிவிட்டு டப்பாவைத் திறந்து ஊற்றினாள். ரேடியேட்டருக்குத் தண்ணீர். டயர்களுக்குக் காற்று. ஒட்டிக்கொண்டிருந்த பிரேக் டிரம்களைச் சுத்தியலால் தட்டித் தட்டி விடுவித்து, மிதித்தால் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். புது பெட்ரோலை ஊற்றி இணைப்பை மாட்டினாள். பிளக்குகளைத் துடைத்துப் போட்டாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" மறுபடியும் அம்மா. "நான்தான் பார்த்துக்கிட்டேனே?"

"நீங்க பார்த்துக்கிட்டதாலதான் இன்னைக்கே முடியுது. இல்லேன்னா ஒரு வாரம்."

அம்மா தம்பியின் சட்டையைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள்.

இரண்டு தடவை இருமிவிட்டு, மூன்றாவதில் இன்ஜின் பிடித்தது. ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டும் என்று கால் துடித்தது. அழுத்தவில்லை. ஆயில் எல்லா மூலைக்கும் ஏற வேண்டும். ஷெட்டுக்குள் வெள்ளைப் புகை நிறைந்து தெருவுக்குப் போனது. வாசலில் நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர், "இந்த நேரத்துல யாரு வீட்ல பொரிக்கிறாங்க?" என்று கேட்டார்.

நாலு மணிக்கு அப்பாவை எடுத்தார்கள். அவரை ஏற்றிய வேன் முன்னால் போனது. அம்மா காரில் பெரியவளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கார் தெருவைத் தாண்டியது.

"இறுகிப் போயிருந்துச்சுல்ல?" என்றாள் திடீரென்று.

பெரியவள் ரோட்டையே பார்த்தாள். "கொஞ்சம்தான்."

"மழை நின்னதிலேருந்தே அந்த நட்டு திரும்பலை. நானும் ஸ்பேனர்ல தொங்கிக்கூடப் பார்த்தேன். உள்ள போனா, 'சுத்துச்சா?'ன்னு ஆசையா கேட்பார். சுத்துச்சுன்னு சொல்லிடுவேன்."

"அப்பா என்ன சொல்வாங்க?"

"ஆமா, சத்தம் கேட்டுச்சும்பார்."

முன்னால் போன வேன் சிக்னலில் நின்றது. பெரியவள் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். இன்ஜின் நடுங்கியது. அணைந்துவிடாமல் இருக்க, ஆக்சிலரேட்டரின் மேல் காலை லேசாக வைத்துக்கொண்டாள்.