கச்சான் அல்வாவுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி

இத்தால் கனகராயன்குளத்துக்குக் கிழக்கே, ஏ9 வீதியிலிருந்து நாலு கட்டைத் தூரம் உள்ளே வாழும் மனிதகுலம் முழுவதற்கும் அறியத்தருவது யாதெனில், வரும் வியாழக்கிழமை காலை 11.12 சுபவேளையில் 'சிவலட்சுமி கச்சான் அல்வா' நிறுவனத்தின் இணைய ரவுட்டரும் மின்னஞ்சல் சேவையும், ஒன்பது சங்கங்களின் தலைவர் சிற்றம்பலம் அவர்களின் திருக்கரங்களால் திறந்துவைக்கப்படும்.

நிறுவனம் என்பது ஒரு தகரக் கொட்டில், இரண்டு அடுப்பு, ஐந்து பெண்கள். அதில் ஒருத்தி உரிமையாளர் சிவலட்சுமி. அறிவித்தலை எழுதி, ஒலிபெருக்கி பிடித்து, மூன்று நாளாக ஊருக்கு வாசித்தவர் அவளுடைய கணவர் வீரபாகு. கச்சான் கடலையை வறுத்து அல்வா கிண்டுவதைத் தவிர நிறுவனத்தின் மற்ற எல்லா வேலையும் தன்னுடையது என்பார். மற்ற வேலை என்று எதுவும் இல்லாததால் அவர் களைத்து யாரும் கண்டதில்லை.

சிவலட்சுமிக்கு விழாவில் அக்கறையில்லை. கொழும்பில் பதினொரு கடை வைத்திருக்கும் ஒரு கொம்பனி மாதம் ஆயிரம் பெட்டி கேட்டிருந்தது. பதிவுப் பத்திரம், சுகாதாரச் சான்றிதழ், அல்வாவின் படங்கள் எல்லாம் நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள மின்னஞ்சலில் வியாழன் பகல் பன்னிரண்டுக்குள் வரவேண்டும். வராவிட்டால் ஓடர் வேறு ஆளுக்கு. ஆயிரம் பெட்டி என்றால் இன்னும் ஆறு பெண்களுக்கு வேலை. அதில் நாலு பேருக்கு அவள் வாக்கே கொடுத்துவிட்டாள்.

ரவுட்டர் பூட்ட வவுனியாவிலிருந்து வந்த நிசாந்தினி, பத்து மணிக்கே கம்பத்தில் ஏறி அன்ரனாவைக் கட்டி முடித்தாள். முகவரியை வவுனியாவிலேயே உண்டாக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"எல்லாம் ரெடி அன்ரி. சுவிச்சைப் போட்டா அனுப்பலாம்."

"தொடாதை பிள்ளை!" என்று வீரபாகு குறுக்கே பாய்ந்தார். "நேரம் வரேல்லை. தலைவரும் வரேல்லை."

ரவுட்டர் கதிரையில், பட்டுத்துணிமேல், மாலையோடு மாப்பிள்ளை மாதிரி வீற்றிருந்தது.

11.12க்கு நாடா வெட்டுப்பட்டது. சுவிச்சைப் போடுமுன் சிற்றம்பலம் இரண்டு வார்த்தை பேச விரும்பினார். தூதுப் புறாவில் தொடங்கினார். தந்தியை வந்தடைய 11.35.

"மின்னஞ்சலுக்கு எப்ப வருவாராம்?" என்றாள் அடுப்படி ராஜினி.

"வாறார், நடந்து வாறார்," என்றாள் சிவலட்சுமி. மடியில் லப்டொப், கண் மணிக்கூட்டில்.

11.43க்குத் திருக்கரம் சுவிச்சைத் தொட்டது. நீல வெளிச்சம். கைதட்டல். சிவலட்சுமி அனுப்பும் பொத்தானை அமத்தினாள். திரையில் கோடு மெல்ல நகரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து வீரபாகு மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இது என்ர மனிசியின்ர ரவுட்டர் மட்டுமில்லை, உங்கட ரவுட்டர்! பாஸ்வேட் சொல்லுறன், எழுதுங்கோ. என்ர பேர், இங்கிலீசில, சின்ன எழுத்தில. பிறகு ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு."

திருவிழாவில் காணாமல்போன பிள்ளையின் அடையாளம் சொல்வதுபோல் மூன்று தரம் சொன்னார். பந்தலில் எழுபது கைபேசிகள் விழித்துக்கொண்டன. ஒருவர் கனடா மகனைக் கூப்பிட்டார். ஒருத்தி நேற்று விட்ட நாடகத்தைப் பிடித்தாள். வீதியில் போன உழவு இயந்திரம்கூட வேலியோரம் நின்றது. கோடு இருபது வீதத்தில் படுத்துவிட்டது.

"பாஸ்வேட்டை மாத்துவம் அன்ரி," என்றாள் நிசாந்தினி.

"சபையில சொன்ன சொல்லை மாத்துறதோ?" வீரபாகு துடித்தார். "என்ர மரியாதை என்னாகிறது?"

"உங்கட மரியாதையைப் பெட்டியில போட்டு நான் கொழும்புக்கு அனுப்பேலுமே? விடுங்கோ மைக்கை!"

பறித்தே விட்டாள்.

"இஞ்ச பாருங்கோ, எல்லாரும் வைபையை நிப்பாட்டுங்கோ! இந்த மெயில் போகாட்டி சோறுமில்லை, பாயாசமுமில்லை!"

பாயாசம் என்ற சொல்லுக்கு எழுபது விரல்கள் பணிந்தன. கோடு இருபத்தைந்துக்கு வந்து மறுபடி திணறியது.

"இன்னும் ஒரு போன் இருக்கு அன்ரி. வீடியோ ஓடுது."

ஊரே சுற்றிப் பார்த்தது. மேடையில் சிற்றம்பலம், போன மாதம் தான் பேசிய பேச்சைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்களும்தான்."

கைபேசி சால்வைக்குள் மறைந்தது. கோடு எழும்பி நடந்தது. சனம் லப்டொப்பைச் சூழ்ந்து தேரிழுப்பதுபோல் கத்தியது: "ஐம்பது! எழுபது! விடாதை, எண்பது!" 11.58க்கு மெயில் போய்ச் சேர்ந்தது. ராஜினி அகப்பையோடு துள்ளினாள். யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். சிவலட்சுமி நிசாந்தினியைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. வீரபாகு மைக்கை மெதுவாகத் திரும்பப் பெற்று, இது கிராமத்தின் வெற்றி என்றார்.

12.07க்கு முதலாவது மின்னஞ்சல் வந்திறங்கியது. வீரபாகு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, தொண்டையைச் செருமி, ஒலிபெருக்கியில் வாசித்தார்:

"கிடைத்தது. ஓடர் உங்களுக்குத்தான். இனிமேல் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்."