ஜனவரிச் சமையலறை

வலது கண் கட்டைப் பிரித்ததும் ரக்னா முதலில் பார்த்தது ஆஸ்பத்திரிச் சுவரைத்தான். வெள்ளை இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்பதை எழுபத்திரண்டு வயதில் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரும் வரைதான். பட்டறையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்த, தான் வரைந்த படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நான்காவது படத்தில் கைக்கு அகப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நீலம். எல்லாமே நீலம். பனிக்காலக் காலையின் சாம்பல் என்று நினைத்து அவள் பூசிய சுவரும், கடற்கழியான ஃபியோர்டின் தண்ணீரும், பால் குடுவையின் நிழலும் கத்துகிற நீலத்தில் இருந்தன. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, புரை எடுக்காத இடது கண்ணால் பார்த்தாள். அமைதியான சாம்பல். இடதைப் பொத்தினாள். மறுபடியும் நீலம். புரை நீலத்தை விழுங்கிவிட, ஆறு வருடமாக என்ன வரைகிறோம் என்று தெரியாமலே வரைந்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"உங்கள் நீலம்" என்று ஊரெல்லாம் சொல்லத்தான் செய்தார்கள். சாம்பல் குழைக்கும்போது ஒரு சொட்டு நீலம் எப்போதும் விழும், அதைத்தான் சொல்கிறார்கள் என்று அவள் விட்டுவிட்டாள். மழை பெய்தால் மௌனம் பெய்தது என்று எழுதுகிற விமர்சகர்களை யார் நம்புவது?

அவளுடைய சாம்பல் பிறந்த கதை அவள் ஊரான லெம்வியில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்துகொண்டு, யாரும் சீண்டாத படகுப் படங்களை வரைந்து குவித்தவள் அவள். ஒரு கோடை விடுமுறையில் பள்ளி நடைபாதைக்குப் பெயிண்ட் அடிக்க வெர்னர் வந்தான். நான்கு வாளிகள் வைத்திருந்தான், நான்கிலும் சாம்பல், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ரக்னா வாளிக்குள் குனிந்து பார்த்தபடி நின்றுவிட்டாள். இலையுதிர் காலத்தில் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள், படகுகளை விட்டாள். அதன்பின் முப்பது வருடம் சாம்பல்தான். வெளியே போய்ப் பார்த்து வரைவதில்லை, மனதில் இருப்பதைத்தான் வரைவாள். சாயப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்து, காலித் தகர டியூபில் அடைத்து, ஒட்டுத்தாளில் பெயர் எழுதிக் கொடுப்பது வெர்னரின் வேலை. மாலையில் வந்து படத்தின் முன் நிற்பான். "சரியா இருக்கு" என்பான். அவ்வளவுதான் பேச்சு.

அவன் போனபிறகுதான் பெயரும் புகழும் வந்தன. கோபன்ஹேகனிலிருந்து தேடி வந்தார்கள். ஊர்க் கலைக்கூடத்தில் நடக்கப்போகும் அவளுடைய கண்காட்சிக்கான புத்தகத்தில்கூட அச்சடித்திருந்தது: கணவரை இழந்த துயரம் அவர் தூரிகையில் நீலமாக இறங்கியது. ரக்னா அதை மறுக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்போது அதை நினைத்தாலே உடம்பு கூசியது. துயரமுமில்லை, மண்ணுமில்லை, கண்ணில் புரை. நாளைக்கு யாராவது ஒரு கண் டாக்டர் வந்து படத்தைப் பார்த்துச் சிரித்தால்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்கு அடியில் கிடந்தது. நீலம் தன்னுடையது இல்லையென்றால், தன்னுடையது எது?

சனிக்கிழமை திறப்பு. திங்கட்கிழமை இடது கண்ணுக்கு அறுவை. அந்த ஊர்க் கலைக்கூடத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. திறப்புக்கு முந்தின நாள் மத்தியானம் வரை ஓவியர் தூரிகையோடு வந்து, சுவரில் மாட்டிய படத்தைத் தொட்டுத் திருத்தலாம். பிறகு வார்னிஷ். அதற்குமேல் கை வைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலையில் வெர்னரின் தங்கை ஆஸ்தா கார் ஓட்டினாள். பார்வைச் சோதனையில் தோற்றதால் ரக்னாவின் லைசென்ஸ் போய்விட்டிருந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு அவளைத் துரத்தியதும் அந்தத் தோல்விதான்.

"திங்கக்கிழமை நான் லீவு போடுறேன்டி, கூட வர்றேன்" என்றாள் ஆஸ்தா.

"ஒண்ணும் வேணாம். நான் என்ன சின்னப் புள்ளையா?"

"போன தடவை ஊசியைப் பார்த்துட்டு நர்சம்மா கையைப் பிறாண்டினது யாரு?"

"அது அவ தப்பு" என்றாள் ரக்னா.

"மடியில என்ன, பெட்டியா? அதைக் கொஞ்சம் பின்னாடி வை."

அது வெளியூர் போகும்போது எடுத்துப்போகிற சின்ன மரப்பெட்டி. வெர்னர் இறந்ததிலிருந்து திறந்ததில்லை. பெரிய பெட்டியைத் தூக்கிவந்தால் என்ன செய்யப் போகிறாள் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

கலைக்கூடத்தை நடத்தும் லிஸ்பெத் வாசலிலேயே சாவியைக் கொடுத்தாள். "பன்னெண்டு மணி வரைக்கும் சுவர் உங்களோடது. ஆனா எதையும் தொட மாட்டீங்கன்னு நினைக்கிறேன். அந்த நீலத்தை யாரு தொடுவா!"

ரக்னா சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு அறைகள். முதல் அறை சாம்பல், இரண்டாவது நீலம். முதல் அறைப் படங்களை அவள் புதுக் கண்ணால் இதுவரை பார்த்ததில்லை. ஓரக்கண்ணால் பார்த்தபடி, திருடி மாதிரி வேகமாகக் கடந்தாள். அங்கே சாம்பல் சாம்பலாகவே இருந்தது. வெர்னர் இருந்த கடைசிச் சில வருடப் படங்களும்கூட. அவளுக்கு அது உறைக்கவில்லை, பயம் காதையும் கண்ணையும் அடைத்திருந்தது. நேரே "சமையலறை, ஜனவரி" முன்னால் போய் நின்றாள். வெர்னர் நவம்பரில் இறந்தான். அதன்பின் வரைந்த முதல் படம் இது. இதிலிருந்துதான் நீலம் தொடங்குகிறது. இதைச் சாம்பலால் அடித்துவிட்டால் மற்றதையும் அடித்துவிடலாம்.

பெட்டியைத் திறந்தாள். வெள்ளையைப் பிதுக்கினாள், கறுப்பைப் பிதுக்கினாள். சாம்பலுக்கு ஒரு சொட்டு நீலம் வேண்டும். வெர்னர் கையெழுத்தில் "நீலம்" என்று ஒட்டியிருந்த டியூபைத் திருகினாள். ஆறு வருடத்தில் மூடி இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத் திறந்தாள்.

தட்டில் விழுந்தது நீலம் இல்லை. மாடப்புறாவின் சாம்பல்.

கெட்டுப்போய்விட்டது என்று துடைத்துவிட்டு இன்னும் பிதுக்கினாள். அதே சாம்பல். விரலில் தேய்த்தாள். நீலம் அடியில் எங்கோ இருந்தது. அதில் காவியும் கறுப்பும் சேர்த்து, எவ்வளவு அள்ளிப் போட்டாலும் சாம்பலைத் தாண்டாதபடி யாரோ அளந்து அரைத்திருந்தார்கள். யாரோ என்ன, வெர்னர்தான்.

"ஆஸ்தா!" என்று அவள் கத்தியதில் லிஸ்பெத்தே ஓடிவந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

ஆஸ்தா காபிக் குடுவையோடு வந்தாள். தட்டைப் பார்த்தாள், டியூபைப் பார்த்தாள். குடுவையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பேர்ந்து?"

"அவன் போறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே. நீ நீலத்தை அள்ளி அள்ளிப் போடுறே, உனக்கே தெரியலைன்னு சொன்னான். கண் டாக்டர்கிட்ட போகலாம்னு ரெண்டு தடவை கேட்டானாம். ஒரு தடவை நீ கோப்பையைத் தூக்கி எறிஞ்சே."

எறிந்தாள்தான். அவளுடைய அம்மா கண் அறுவைக்குப் போய், இருந்த பார்வையும் போய்த் திரும்பினவள். கண்ணருகே கத்தி வருவதை நினைத்தாலே ரக்னாவுக்கு மூச்சு முட்டும். அதை யாரிடமும் சொன்னதில்லை, கோபமாக மாற்றித்தான் காட்டுவாள்.

"நீலத்துல சாரமே இல்லைன்னு அவன்கிட்ட சண்டை போட்டிருக்கேன்டி. இப்ப வர்ற பொடியே இப்படித்தான்னான். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கான். நாலு வருஷம்!"

"என்னையும் சொல்ல விடலை. அவ பயந்துக்குவா, வரையறதை விட்டுடுவான்னான். அவன் போனப்புறம் நான் சொல்லியிருக்கணும். எனக்கும் பயம்தான். அதுக்குள்ள உன்னை எல்லாரும் கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க."

திட்டுவதற்கு வாயெடுத்த ரக்னா, படத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

அவள் எப்போதும் கீழிருந்து மேலே வரைகிறவள். முதலில் தரை, பிறகு மேசைக்கால், அதன்பின்தான் சுவரும் ஜன்னலும். தரை நிற்காமல் வீடு நிற்காது என்பாள். இந்தப் படத்தில் தரை சாம்பல். மேசைக்காலும் பாதி வரை சாம்பல். பாதியில் ஒரு கோடு. அதற்குமேல் நீலம்.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவன் அரைத்து வைத்து, பட்டறையில் மிஞ்சியிருந்த கடைசி நீல டியூபை வாலிலிருந்து கழுத்து வரை சுருட்டி, கத்தியால் பிளந்து வழித்து, அதற்குமேல் வராமல் மேசைக்கால் அருகில் உட்கார்ந்து அழுதாள். பிறகு மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்ப் புது நீலம் வாங்கி வந்தாள். அன்று மாலை சரியா இருக்கு என்று சொல்ல ஆள் இல்லை. இருந்திருந்தால் அந்த நீலத்தை வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டான்.

அவள் ஒரு விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்தாள். இதுவரைக்கும் அவன் இருந்தான். இதற்குமேல் இல்லை. புத்தகம் எழுதினவனுக்கு ஒரு எழவும் தெரியாது, ஆனாலும் அவன் எழுதினது நிஜம்.

டியூபைக் கையில் எடுத்தாள். இன்னும் பாதி மீதியிருந்தது. மூடியை இறுக்கித் திருகி மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, தட்டைத் துடைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு லிஸ்பெத் வார்னிஷ் டப்பாவோடு வந்தாள். "ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்ல. பூசுங்க."

ரக்னா படிக்கட்டில் இறங்கினாள். வெயிலில் துறைமுகத்துத் தண்ணீர் ஒரு கண்ணுக்கு ஒரு நிறமாகவும் மறு கண்ணுக்கு வேறாகவும் இருந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு ஒன்றுதான் இருக்கும். அதையும் அவள் தனியாகத்தான் பார்த்து, சரியா தப்பா என்று சொல்லவேண்டும். கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"ஆஸ்தா, திங்கக்கிழமை கூட வாடி."

"ஏன், நீ என்ன சின்னப் புள்ளையா?"

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள் ரக்னா. அந்த வார்த்தையை அவள் வெர்னரிடம்கூட ஒருநாளும் சொன்னதில்லை.