ஐந்தரை மணி போன்

பேருந்தில் டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடிப்பது அக்காவின் வேலை. பதினெட்டு வருஷ சர்வீஸ். படியேறும்போதே ஒரு நோட்டம் விடுவாள். தூங்குகிறவன் யார், தூங்குவதுபோல் நடிக்கிறவன் யார் என்று தெரிந்துவிடும். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று டிரைவர்களே சொல்வார்கள்.

அதனால்தான், தம்பி தற்கொலை செய்துகொண்டான் என்று போலீஸ் எழுதி மூடியதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ராணுவத்திலிருந்து வந்து இரண்டு வருஷம். குளிர்பதனக் கிடங்கில் காவல் வேலை. போன வாரம்தான் புது ஷூ வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒழுகுகிற குழாயை மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தான். சாகப் போகிறவன் ஷூ வாங்குவானா? அப்படியே மனசில் ஏதாவது இருந்திருந்தாலும், என் கண்ணுக்கா தப்பும்?

பத்து நாள் கழித்து அவன் அறையைக் காலி செய்யப் போனாள். சட்டைகள் இருந்தன, பெட்டி இருந்தது, சார்ஜர்கூட சுவரில் தொங்கியது. போன் மட்டும் இல்லை.

கீழ்வீட்டு அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நமக்கெதுக்கு வம்புன்னு சும்மா இருந்தேன். அன்னிக்குக் காலைல அந்த நெட்டையன்தான் முதல்ல ஓடி வந்தான். போலீஸ் வர்றதுக்குள்ள எதையோ எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டான்."

நெட்டையன் தம்பியோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன். இறுதிச் சடங்கில் அவள் முகத்தைப் பார்க்காமல் நழுவியது இப்போது ஞாபகம் வந்தது. நேரே அவனுடைய பஞ்சர் கடைக்குப் போனாள்.

"என் தம்பி போன் எங்கே?"

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தவன் முழித்த முழியே போதும். டிக்கெட் இல்லாதவன் முழி.

"என்கிட்டதான்க்கா இருக்கு."

"விடியறதுக்குள்ள நீ எப்படிப் போய் நின்னே? உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. போன் வரல. அதான் ஓடினேன்."

"கதை விடாதே."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். "எங்க கூட்டத்துல நாலு பேர் ஊருக்குத் திரும்பின பிறகு இப்படித்தான் போனாங்க. அவனைத் தவிர மிச்சம் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்கும் தினமும் காலைல அஞ்சரைக்கு அவன்தான் போன் பண்ணுவான். 'எந்திரிச்சாச்சா?' அவ்வளவுதான் கேப்பான். அன்னிக்கு எனக்கு வரல. போலீஸ் போனை எடுத்துட்டுப் போனா மத்தவங்களுக்கு யார்க்கா பேசறது? எனக்கு ரெண்டு நம்பர்தான் தெரியும்."

"அவன் என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"அக்கா கண்டுபிடிச்சிரும்னு பயந்தே, உங்களைப் பார்க்க வர்ற அன்னிக்கெல்லாம் கண்ணாடி முன்னாடி சிரிச்சுப் பழகிட்டு வருவான்."

அக்கா நம்பவில்லை. போனை வாங்கி, கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தினாள். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டான் ஒருவன்.

"எந்திரிச்சாச்சு, நெட்டை. சாப்பிட்டாச்சு. இன்னிக்கு ரெண்டாவது தடவையா கூப்பிடறே? என்னடா ஆச்சு?"

போனை அவனிடம் நீட்டினாள். "ஒண்ணுமில்லடா, கை பட்டுடுச்சு" என்று அவன் சமாளித்தான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். பத்து நாளில் முதல் அழுகை.

போகும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

"எல்லாருக்கும் நீ பண்றே. உனக்கு யார் போன் பண்றா?"

"எனக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தான்.

சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. இந்தத் தடவை அவள் அதை விடுவதாக இல்லை.

"பொய். நாளைக்கு எனக்கு மதியம்தான் டூட்டி. ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன். மனநல டாக்டரைப் பார்க்கறோம். வந்து சேரு."

மறுநாள் மணி ஒன்பதே முக்கால் ஆகியும் ஆளைக் காணோம். ஏமாற்றிவிட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் கடைக்கே போக ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். அதே நேரம் எதிர்ச்சாரியில், நிறுத்தத்தில் நின்ற பேருந்திலிருந்து, தலை இடிக்காமல் குனிந்து நெட்டையன் இறங்கினான்.